கப்பமும் கைங்கர்யமும்

பாண்டிய நாட்டுத் திவ்யதேசங்களுள் தனிச்சிறப்பு வாய்ந்தது திருக்கோஷ்டியூர். இரணியனின் கொடுமைக்கு அஞ்சிய தேவரும் முனிவரும் கோஷ்டியாகக் கூடி ஆலோசித்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பது தலவரலாறு. அஷ்டாங்க விமானத்தின்கீழ் ஸௌம்யநாராயணப் பெருமாள் திருமாமகள் நாச்சியாருடன் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தில், மாசித் தெப்பத் திருநாளன்று குளக்கரையெங்கும் ஒளிரும் அகல் விளக்குகளை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். வேண்டுதல் உடையோர் பிறர் ஏற்றிவைத்த விளக்கு ஒன்றை எடுத்துச் சென்று தம் இல்லத்தில் வைத்துப் பேணுவர். எண்ணியது ஈடேறிய பின்னர் மறுபடியும் வந்து, எடுத்த ஒன்றுக்குப் பலவாக ஏற்றிச் செல்வர். எடுத்தவர் பெயரை எழுதிவைக்கக் கணக்கர் இல்லை. திருப்பித் தாரும் என்று கேட்கத் தண்டல்காரர் இல்லை. ஆயினும் விளக்குகள் ஆண்டுதோறும் பெருகுகின்றனவேயன்றிக் குறையவில்லை.

இத்தகைய பெருந்திருவிழா எதற்கும் மற்றோர் ஏற்பாடும் உண்டு. அதனைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. திருப்பத்தூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் அடியார்களைச் சுமந்து வரும் பேருந்து ஓடுவதற்குச் சாலை வேண்டும். கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய்க்குக் காவலர் வேண்டும். வெயிலில் மயங்கி விழுந்த முதியவரை ஏற்றிச் செல்ல வண்டியும், சென்று சேரும் இடத்தில் மருத்துவரும் வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் விடியலில், எண்ணெய்ப் பிசுக்கும் எச்சில் இலையும் கிடக்கும் தெருவைக் கூட்டித் தள்ளுவோர் வேண்டும். விளக்கேற்றியவர் எவரும் இவர்களுக்குத் தம் கையால் கூலி கொடுத்ததில்லை. கூலி கொடுத்தது நாட்டின் பொதுக் கருவூலம்; அக்கருவூலத்தை நிரப்பியது வரி.

விளக்குகள் அன்பினால் வருகின்றன. சாலையோ வரியினால் வருகிறது. அன்பினால் வருவதே உயர்ந்தது என்றால், சாலையும் மருத்துவமனையும் அவ்வாறே வரலாகாதா? கட்டாயப்படுத்திப் பெறும் பொருளில் அறம் ஏது? இக்கேள்வி நேர்மையானது. பக்தி உடையோர் நெஞ்சில் இது எழுவதும் இயல்பே. இதனைத் தட்டிக்கழிக்காமல் ஆராய்வதற்குத் திருக்கோஷ்டியூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது.

திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் திருமந்திரப் பொருளைப் பெற்ற எம்பெருமானாரின் வரலாறு சிறு குழந்தையும் அறிந்தது. பிறர்க்கு வெளியிடலாகாது, வெளியிட்டால் நரகம் புகுவாய் என்ற ஆசாரியனின் ஆணையைக் கடந்து, ஆசையுடையோர் அனைவரும் உய்யட்டும், தாம் ஒருவர் நரகம் புகினும் புகலாம் என்று துணிந்தார் உடையவர். இவ்வரலாற்றில் பொருளியல் அறிஞர் கற்கத்தக்கது ஒன்றும் உண்டு. திருமந்திரம் ஆயிரவர்க்குக் கொடுத்தாலும் குறையாத செல்வம். கேட்க வந்தவரிடம் நீ என்ன தக்ஷிணை கொணர்ந்தாய் என்று உடையவர் வினவவில்லை, குலத்தையும் வினவவில்லை. பெறுவோர் அனைவரும் ஒன்றுபோலப் பெற்றனர். அதற்குரிய விலையைச் சுமக்க வல்லவர் ஒருவர் சுமந்தார்.

பொதுநலப் பணிகள் பெறப்படவேண்டிய முறையும் இதுவே. அரசு மருத்துவமனையின் வாயிலில், நீ எவ்வளவு வரி செலுத்தினாய் என்று கேட்டுவிட்டா கட்டுப் போடுகிறார்கள்? அங்கே கோபுரத்தின் நீதி நடக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மந்திரம் தேயாது; மருந்து தீர்ந்து போகும். சாலை குழிவிழும். குளம் தூர்ந்து போகும். ஆண்டுதோறும் எவரேனும் செப்பனிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ‘எவரேனும்’ யார் என்பதில்தான் சிக்கல் தோன்றுகிறது.

ஏரிகளையும் கண்மாய்களையும் நம்பி வாழும் இச்சிவகங்கைச் சீமையில் இச்சிக்கலைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. முற்காலத்தில் கண்மாய் நீரால் பயிர் செய்வோர் அனைவரும், கோடைக்காலத்தில் மண்வெட்டியுடன் வந்து கரையை உயர்த்தியும் வரத்துக்காலை வெட்டியும் தீரவேண்டும் என்பது ஊர்க்கட்டு. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வராதவனுக்கு ஊரார் முன்னிலையில் கேள்வி உண்டு. அதுவும் ஒரு வரியே. காசுக்கு மாற்றாக உடலுழைப்பால் இறுக்கப்பட்ட வரி. அக்கட்டுத் தளர்ந்தபோது என்ன ஆயிற்று? பிறர் வெட்டட்டும், நீர் வந்தால் நமக்கும் பாயும் என்று ஒருவன் எண்ணினான். அவனைப் பார்த்து அடுத்தவனும் எண்ணினான். அவர்கள் தீயவர்கள் அல்லர். அவ்வாறு எண்ணியவர்களே விளக்கையும் ஏற்றினர், அன்னதானமும் செய்தனர். ஆயினும் கண்மாய் தூர்ந்தது. பல்லாண்டுகளுக்குப் பின்னர், 2017-ஆம் ஆண்டு தமிழக அரசு அதே பெயரிலேயே பொதுப்பணத்தைக் கொண்டு அப்பணியைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

வழங்குவதிலே புகழ்பெற்ற நகரத்தார் பெருமக்களுடைய ஏற்பாட்டை இங்கே கருதுவது தகும். கொடைக்குப் பெயர்போன அச்சமூகம், தன் பொதுச் செலவுகளைக் கொடையின் கையில் மட்டும் விட்டுவிடவில்லை என்பது பலரும் கவனியாத செய்தி. திருமணமான ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளி. கோயிற் செலவுக்குப் புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு என்று வகுத்துத் தண்டுவது புள்ளி வரி. இளையாத்தங்குடி முதலாகப் பிள்ளையார்பட்டி ஈறாக உள்ள ஒன்பது கோயில்களின் வழி அச்சமூகத்தின் கட்டுக்கோப்பு நிற்பதற்கு இப்புள்ளிக் கணக்கும் ஒரு காரணம். இதன்மேல் மகமை என்பது வேறு. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற காலத்தில், வாணிகத்திற்கேற்ற ஒரு பங்கைக் கடைக்கணக்கிலேயே தர்மத்திற்கென எழுதி ஒதுக்கினார்கள். புள்ளி வரியில் செல்வரும் எளியரும் ஒரு நிறை. மகமையில் பெருவணிகர் பெருந்தொகையும் சிறுவணிகர் சிறுதொகையும் தருவர். தலைக்கு ஒன்றாகப் பெறுவது உறுப்புரிமையை உணர்த்துகிறது. வாணிகத்திற்கு ஏற்பப் பெறுவது வலிமையை அளந்து சுமையை வைக்கிறது. வரி வகுக்கும் அமைச்சர்கள் இன்றும் தடுமாறும் ஒரு கணக்கை, சாமான்யப் பேரேட்டிலே இவர்கள் தீர்த்து வைத்திருந்தார்கள்.

விருதுநகரில் நாடார் பெருமக்கள் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலையும் இவ்வாறு மகமையால் வளர்ந்ததே. வீடுதோறும் நாளொன்றுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கிவைத்துப் பள்ளிக்குத் தரும் பிடியரிசி முறையும் அங்கு இருந்தது. அப்பள்ளியில் பயின்ற காமராசர் முதலமைச்சரானபோது, 1956-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்கு ஊர் மக்களின் நன்கொடையும் பெரிதும் துணையாயிற்று. ஆனால் நன்கொடை விளைச்சல் உள்ள ஆண்டில் வரும், வறட்சி ஆண்டில் வாராது. வள்ளல்கள் உள்ள ஊரில் வரும், இல்லாத ஊரில் வாராது. பிள்ளையின் பசி இவ்வேறுபாட்டை அறியுமா? ஆகவே அத்திட்டம் கருவூலத்தின்மீது ஏறியது. 1982-இல் சத்துணவாக விரிந்து, இன்று எவருடைய மனநிலையையும் எதிர்பாராமல் உச்சிப்பொழுதில் உலை கொதிக்கிறது.

காரைக்குடி வள்ளல் அழகப்பர் வரலாறும் இவ்வுண்மையையே மற்றொரு புறமாகக் காட்டுகிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தம் ஊருக்கு வரவேண்டுமென்று அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார். 1948-இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்ட, 1953-இல் அது திறக்கப்பெற்றது. அத்துணைக் கொடையும் தொடக்கத்திற்கே போதும். அன்றுமுதல் இன்றுவரை அங்குப் பணிபுரியும் விஞ்ஞானிகளின் ஊதியத்தையும் கருவிகளின் செலவையும் தாங்கிவருவது நாட்டு மக்களின் வரிப்பணம். வள்ளல் விதைக்கலாம், நாள்தோறும் நீர் பாய்ச்ச ஒரு வாய்க்கால் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கொடை, கொடுப்பவர் மனம் செல்லும் வழியே செல்லும். தேருக்குக் கொடுப்பார் உளர். கோபுரத்துக்குக் கொடுப்பார் உளர். சாக்கடைக்குக் கொடுப்பார் எவர்? தொழுநோய் மருத்துவமனையின் சலவைக்கூலிக்குத் தம் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ள விரும்புவார் எவர்? பெயர் பொறிக்க இயலாத செலவுகளே ஒரு நாட்டில் மிகுதி.

கட்டாயத்தில் அறம் ஏது என்ற கேள்விக்கு நம் சாத்திரங்களே விடை வைத்துள்ளன. கருமங்களைக் காம்யம் என்றும் நித்யம் என்றும் பெரியோர் பிரித்தனர். ஒரு பயனை விரும்பிச் செய்வது காம்யம்; செய்யலாம், விடலாம். ஸந்த்யாவந்தனம் போல்வன நித்யம். அதனைச் செய்தமைக்காக எவரும் மாலையிட்டுப் போற்றுவதில்லை. செய்யாவிடின் குற்றம் வரும். செய்தே தீரவேண்டும் என்பதனால் ஸந்த்யாவந்தனம் தாழ்ந்த கருமம் ஆகிவிட்டதா? எம்பெருமானுக்கு ஆராதனமாக எண்ணிச் செய்யும்போது அக்கட்டாயமே கைங்கர்யமாகிறது. கொடை காம்யத்தைப் போன்றது. வரி நித்யத்தைப் போன்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நிலவரிக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘கடமை’ என்பது இங்கு நினைவு கூரத்தக்கது. ‘இறை’ என்னும் சொல்லோ வரிக்கும் வழங்கும், வேந்தனுக்கும் வழங்கும், இறைவனுக்கும் வழங்கும். தமிழர் இம்மூன்றுக்கும் ஒரு சொல்லை வைத்தது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை.

திருவிழாவுக்கு வரும் அன்பர்களை நேரே தொடும் ஒரு செய்திக்கு இனி வருவோம். வணிகர் ஒருவர் கணக்கில் ஒரு பகுதியை மறைத்துப் பொருள் சேர்க்கிறார். அதில் கால் பங்கைக் கொண்டு பெருமாளுக்குத் தங்கக் கவசம் சாற்றுகிறார். அரசிடம் கொடுத்தால் வீணாகும், ஆண்டவனிடம் சேர்த்தால் புண்ணியம் ஆகும் என்பது அவர் சமாதானம். நாட்டில் பலர் இவ்வாறே எண்ணுகின்றனர் என்பதும், இவ்வெண்ணத்தைக் கண்டிப்பார் கோயில்களில் குறைவு என்பதும் மறைப்பதற்கில்லை. இச்சமாதானம் செல்லுமா?

இதற்கு விடை திருமங்கை மன்னன் வரலாற்றில் இருக்கிறது. சோழனுக்குக் கீழ்ப்பட்ட குறுநில மன்னராயிருந்த அவர், குமுதவல்லியாரின் விருப்பப்படி நாள்தோறும் ஆயிரத்தெட்டு வைணவர்க்கு அமுது படைத்து வந்தார். கைப்பொருள் கரைந்தது, சோழனுக்குச் செலுத்தவேண்டிய பகுதிப் பணமும் ததீயாராதனத்திலே செலவாயிற்று. சோழன் ஆள் விடுத்தான், படை விடுத்தான். முடிவில் ஆழ்வார் சிறைப்பட்டார். அடியார்க்கு அமுது படைத்தலினும் உயர்ந்த செலவு வைணவன் கண்ணில் வேறில்லை. ஆகவே இவ்விடத்தில் எம்பெருமான் என்ன செய்தருளினான் என்பதை ஊன்றி நோக்கவேண்டும். சோழன் கனவில் தோன்றி, நம் அடியவன் நற்பணிக்கே செலவிட்டான், பகுதியைத் தள்ளிவிடு என்று கட்டளையிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. காஞ்சிப் பேரருளாளன் ஆழ்வார் கனவில் தோன்றி, வேகவதிக் கரையில் புதையல் இருக்குமிடத்தைக் காட்டினான். ஆழ்வார் அதை எடுத்துக் கப்பத்தைக் கட்டித் தீர்த்தார். உண்மை அறிந்த சோழன் பின்னர் அப்பொருளை ஆழ்வாரிடமே அடியார் பணிக்கென அளித்தான் என்று குருபரம்பரை கூறும். முதலில் கடன் தீர்ந்தது. பின்னரே விலக்கு வந்தது. அவ்விலக்கையும் தந்தவன் பெறவேண்டியவனே. கொடுக்கவேண்டியவர் தாமே எடுத்துக்கொள்ளவில்லை. அறப்பணிக்குத் தரும் நன்கொடைக்கு இந்நாளில் வருமானவரிச் சட்டம் கழிவு தருகிறதே, அதுவும் இம்முறையைச் சார்ந்ததே. எதற்கு எவ்வளவு கழிவு என்பதை ஊரார் கூடிய அவை வகுக்கிறது. செலுத்துபவர் இருட்டில் வகுத்துக்கொள்வதில்லை.

கோயிலுக்கு விடும் நிலங்களுக்கு இறையிலி என்று பெயர். அரசனுடைய ஒரு சொல்லால் வரி மறைந்துவிட்டது என்று பலர் நினைப்பர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பலவற்றில் வேறொன்றைக் காண்கிறோம். நிலம் கொடுப்பவர், அந்நிலத்தின் வரிக்கு ஈடாக ஒரு தொகையை இறைத்திரவியம், இறைகாவல் என்னும் பெயர்களால் ஊர்ச்சபையிடம் முன்னதாகவே கட்டிவிடுவார். சபை அத்தொகையைக் கொண்டு ஆண்டுதோறும் வரியைத் தாங்கிக்கொள்ளும். பெருமாளுக்குக் கொடுத்தேன் என்று சொல்லி, அந்நிலத்தின் சுமையை ஊரார் தலையில் ஏற்றிவிட்டுப் போவதை முன்னோர் ஒப்பவில்லை.

வைணவ தத்துவத்தில் களவுகளுக்கெல்லாம் தலையான களவு ஆத்மாபஹாரம். எம்பெருமானுக்கே உரிய ஆத்மவஸ்துவை என்னுடையது என்று கொள்ளுதல் அது. பெற்றதைத் திருப்பி அளிக்காமல் தானே துய்ப்பவனைக் கள்வன் என்றே கீதை மூன்றாம் அத்தியாயமும் கூறுகிறது. பொதுவுக்கு உரிய பங்கைத் தன்னுடையதென்று மறைப்பது அப்பெருங்களவின் சிறுவடிவம். அதனால் செய்த கவசத்தில் பெருமாளுக்குப் பங்குண்டோ இல்லையோ, காய்ச்சலுக்கு மருந்தின்றித் திரும்பிய ஓர் ஏழைக்கு நிச்சயமாகப் பங்குண்டு. அவனும் அவ்வெம்பெருமானின் சரீரமே அன்றோ!

வரி கொடுத்தல் கடமையென்றால், யாரிடம் எவ்வளவு கொள்வது என்பது கொள்வோன் கடமை. இதனைப் பாண்டியன் ஒருவனுக்கே எடுத்துரைத்தவர் பிசிராந்தையார். புறநானூற்றில் அவர் அறிவுடை நம்பிக்குக் காட்டும் உவமை உலகப் பொருளியல் நூல்கள் எவற்றுக்கும் குறைந்ததன்று. சிறு நிலத்தில் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பலநாள் ஆகும். யானையே வயலில் புகுந்தால், நூறு வயலானாலும் அதன் வாய்க்குள் சென்றதைவிடக் காலின்கீழ் அழிந்தது மிகுதி. முறையறியாத அரசன் நாடும் அத்தகையது என்றார் புலவர். எவ்வளவு கொண்டான் என்பதோடு, கொண்ட விதத்தால் எவ்வளவு மிதிபட்டது என்பதையும் கணக்கிடவேண்டும் என்பது அவர் கருத்து.

ஆங்கில ஆட்சியின் உப்புவரி இத்தகைய யானைக்கால். கோடீசுவரனும் கூலியாளும் உண்ணும் உப்பு ஏறத்தாழ ஒரே அளவு; அதன்மேல் வைத்த வரி ஏழையின் கலயத்தில் பேரிடியாகவும் செல்வன் தட்டில் தூசியாகவும் விழுந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து சென்று வேதாரணியத்தில் உப்பெடுத்தார். அந்த வரி 1947-இல் நீங்கிற்று. இங்கே ஓர் ஐயம் எழலாம்: வரி கொடாமை குற்றமாயின் அச்செயலும் குற்றமன்றோ? அன்று. வேதாரணியத்துக்குச் சென்றவர்கள் பகலில், ஊரறிய, காவலர் கண்முன் சட்டத்தை மீறினர். அதற்குரிய சிறையையும் ஏற்றனர். கணக்குப் புத்தகத்தை இரண்டாக எழுதுபவர் இரவில் எழுதுகிறார். ஏற்க விரும்புவது இலாபத்தை மட்டுமே. நரகத்தை ஏற்றுக்கொண்டு கோபுரத்தில் ஏறியவரின் வழியில் வருவது எது என்பதை அடியார்கள் அறிவர்.

அதே ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்தபோது எதிர்ப்பக்கத்தில் அமரவேண்டியதாயிற்று. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். கள்ளுக்கடை வருமானம் கருவூலத்தின் பெருந்தூண்களுள் ஒன்று. அதைப் பிடுங்கினால் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணம் ஏது? குடிப்பவன் கொடுத்துவந்ததை அனைவரும் சிறிது சிறிதாகக் கொடுப்போம் என்று, 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றினார். வணிகர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆயினும் அவர் எழுப்பிய வினா உயர்ந்தது: ஒரு குடும்பத்தின் அழிவிலிருந்து வரும் பணத்தால் மற்றொரு குடும்பத்தின் பிள்ளைக்குப் பாடம் சொல்லலாமா? அதன்பின் நடந்தது வேடிக்கையும் வேதனையும் கலந்தது. மதுவை ஒழிக்க வந்த வரி நிலைத்துவிட்டது. இந்தியா முழுவதும் பரவியது. 2017 முதல் சரக்கு சேவை வரியாக வளர்ந்து நிற்கிறது. ஒழிந்த மதுவோ திரும்பி வந்துவிட்டது. 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்த மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் அதன்வழி மாநிலத்துக்கு வரும் வரி வருவாய் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். அப்பணமும் சேர்ந்தே கருவூலத்தில் கலக்கிறது. அதிலிருந்தே பள்ளியும் நடக்கிறது. ராஜாஜியின் வினா விடை பெறாமலே கிடக்கிறது. குறை கூறுபவர் அந்த 40,000 கோடியை வேறு யாரிடம், எவ்வகையில் பெறுவது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். தம் பங்கு அதில் எவ்வளவு என்பதை முதலில் சொல்லவேண்டும்.

நான் வருமானவரி கட்டுபவன் அல்லன், எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கூலித்தொழிலாளர் ஒருவர் எண்ணலாம். தெப்பத்தில் ஏற்றும் அகல் விளக்குக்கு வரியில்லை. கோயில் பிரசாதத்துக்கும் இல்லை. ஆனால் அகலில் ஊற்றும் நல்லெண்ணெய்க்கு நூற்றுக்கு ஐந்து வரி உண்டு. நூறு ஏக்கர் உடையவரும் நூறுநாள் வேலையை நம்புபவரும் அவ்வெண்ணெய்க்குத் தருவது ஒரே ஐந்து. ஆதலால் விளக்கேற்றியவர் அனைவருமே இந்நாட்டின் கருவூலத்தில் பங்குடையவர். கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பொருளின்மீது வைக்கும் வரி இவ்வாறு எளியவரையும் சமமாக அழுத்துவதாலேயே, வருவாய்க்கு ஏற்ப உயரும் வரியை வலியவரிடமிருந்து தளர்வின்றிப் பெறவேண்டியதாகிறது. வலியவர் மறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் எண்ணெயின்மீதோ மதுவின்மீதோதான் வந்து விடியும். மகமை கொடாதவன் பங்கும் புள்ளி வரியில் ஏறினால் ஊர் பொறுக்குமா?

கொள்வோன் கை தூய்மையாக இல்லையே என்னும் முறையீடு எஞ்சுகிறது. முறை தவறிப் பொருள் கேட்கும் அரசனை வேலோடு நின்று வழிப்பறி செய்வோனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஆதலின் இம்முறையீடு புதிதன்று. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள் இதற்கு மருந்து சொல்கின்றன. ஏரி வாரியத்திலும் பிற வாரியங்களிலும் இருந்து கணக்குக் காட்டாதவன் பின்னர்க் குடவோலைக்கு உரியவனல்லன். அவன் மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினரும் உரியரல்லர். பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்டும்வரை அவன் குலத்துக்கே வாயில் அடைப்பு! கடுமைதான். ஆனால் அதைப் பொறிக்கப் பெருமாள் கோயிற் சுவரைத் தேர்ந்தார்களே! ஊர்ப்பணம் கோயிற்பணத்துக்கு நிகரான பயத்தோடு தொடத்தக்கது என்னும் எண்ணமே அதற்குக் காரணம் ஆகலாம்.

திருக்கோஷ்டியூரில் வாழ்ந்த செல்வநம்பியும் கருவூலத்தை அறிந்தவர். பாண்டியன் வல்லபதேவனுக்கு அறிவுரை கூறும் பெரியவராய் இருந்தவர். மழைக்காலத்துக்கு எட்டு மாதத்திலும், இரவுக்குப் பகலிலும், முதுமைக்கு இளமையிலும், மறுமைக்கு இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்று வழிப்போக்கர் ஒருவர் சொன்னதைக் கேட்டு உறக்கமிழந்த மன்னன், மறுமைக்கு வழி யாது என்று இவரைத்தான் கேட்டான். பரதத்துவத்தை நிறுவுவோர்க்குப் பொற்கிழி என்று பறையறைவித்து, மதுரையில் கம்பத்தில் தூக்கிக் கட்டினார்கள். விஷ்ணுசித்தர் வேதம் விரித்துரைக்க, கிழி தானே தாழ்ந்தது. அக்கிழியில் இருந்தது உழவர் இறுத்த பொன் அன்றோ? அது யாதாயிற்று? பெரியாழ்வார் தமக்கென ஒன்றும் கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரமாக ஓங்கி நிற்கிறது என்பர். தமிழக அரசின் இலச்சினையில் விளங்குவது அக்கோபுரமே என்று பலரும் கூறுவர். வரி கட்டியதற்கு அரசு தரும் இரசீதின் தலையிலும் அது நிற்கிறது.

இரசீது என்றதும் பத்ராசல ராமதாசர் நினைவுக்கு வருகிறார். கோல்கொண்டா அரசில் வரி தண்டும் அதிகாரியாக இருந்த கோபன்னா, தண்டிய பணத்தைக் கொண்டு இராமபிரானுக்குக் கோயில் எடுத்தார். பக்தியில் குறையில்லை, ஆனால் பணம் அவருடையதன்று. தானீஷா சிறையில் இட்டான். நெடுங்காலம் அங்கே கிடந்து வருந்தினார். முடிவில் இராமனும் இலக்குமணனும் இரு வீரர்களாக நள்ளிரவில் மன்னன் அரண்மனைக்குச் சென்று, நிலுவை முழுவதையும் பொற்காசாக எண்ணி வைத்தனர் என்பது வரலாறாக வழங்குவது. தன் கோயிலுக்குச் செலவான பணத்தையும் இராமபிரான் திருப்பிக் கட்டினான். கட்டியதற்கு இரசீது கேட்டு வாங்கினான். அதைச் சிறையில் உறங்கிய ராமதாசரின் தலைமாட்டில் வைத்து மறைந்தான். உண்மையறிந்த தானீஷா அவரை விடுவித்து, ஸ்ரீராமநவமித் திருக்கல்யாணத்துக்கு ஆண்டுதோறும் முத்துக்கள் அனுப்பலானான். அவன் அரசு போயிற்று. பின்வந்த அரசுகளும் மாறின. அம்முத்துக்கள் இன்றும் அரசின் சார்பாகவே பத்ராசலத்துக்குச் செல்கின்றன.